மிளகாய்ச் செடியும் மாறிப்போன மழையும்



அண்மையில் சங்க வேலையாகக் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். லயத்து வாசலில் ஓர் அக்கா நம்மை மறித்து, "தம்பி, சந்தா கணக்கை அப்புறம் பாரு. முதல்ல என் மிளகாச் செடியை வந்து பாரு. நேத்துப் பச்சையா நின்னுச்சு, இன்னிக்குத் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு" என்றார்.

வாடிய செடியின் தண்டை அறுத்து, கிளாசிலிருந்த தெளிந்த தண்ணீரில் பிடித்தோம். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல்போல் இறங்கியது. "பால் வடியுதே தம்பி!" என்றார் அக்கா. மரத்துப் பால் நமக்குச் சோறு போட்டது. இந்தப் பாலோ செடியைக் கொல்லும். இது பாக்டீரியா வாடல் நோய். வேரில் நீர் தேங்கினால் வேகமாகப் பரவும். மருந்தடித்துத் தீராது.

நம் பெரியவர்கள் மாதம் பார்த்து விதை போட்டார்கள். இன்று அந்தக் கணக்கு நிற்பதில்லை. 1998-லும் 2014-லும் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். 2021 டிசம்பர் 18-இல் கொட்டிய மழையிலோ ஷா ஆலமும் கிள்ளானும் வெள்ளக்காடாயின.

வானத்தை நாம் திருத்த முடியாது, பாத்தியைத் திருத்தலாம். ஓர் அடி உயரம் மண் அணைத்து, பக்கத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்த மண்ணில் சில வருஷம் மிளகாய், கத்தரி, தக்காளி வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். வெண்டையோ பயத்தங்காயோ போடலாம்.

1969-இல் அமைக்கப்பட்ட மார்டி ஆராய்ச்சிக் கழகம், மழைக்கூரையின் கீழே தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளில் மிளகாய் வளர்க்கும் முறையைப் பரப்பியது. நமக்கு அத்தனை செலவு கட்டாது. பழைய வாளியோ அரிசிப் பையோ எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, நோய்படாத மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிக் கூரையோரம் வையுங்கள். நாற்று நட்ட மூன்று மாதத்துக்குள் காய் பறிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பார்க்கும் குடைமிளகாய்க்கு ஆசைப்பட வேண்டாம். கேமரன் மலைக் குளிர் அதற்கு ஏற்றது. நம் வெக்கையில் பூ கொட்டிவிடும்.

"மண்ணே நம்மளது இல்லியே தம்பி, எதுக்கு இவ்ளோ பாடு?" என்று கேட்டார் அக்கா. உண்மைதான். எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய், நம்மவர்கள் அடுக்குமாடிகளுக்கு ஏறிவிட்டார்கள். லயத்துப் பாத்தியைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. பையில் வைத்த செடி கூடவே வரும்.

ஆகவே இன்றே நாலு பை நிரப்புங்கள். அதோடு, குடியிருப்பு மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போது, காய்கறி போட ஒரு துண்டு நிலத்தையும் ஒன்றுபட்டுக் கேளுங்கள். கேட்காமல் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை!