நேட்டால் கப்பற் பட்டியல்களும் ஒப்பந்தத் தொழிலாளர் குடிவழித் தேடலும்

முன்னுரை

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டு சென்ற முதற்கப்பல் அதுவே. 1911ஆம் ஆண்டில் இம்முறை நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். பெரும்பாலோர் கையில் இருப்பது ஒரு குடும்பப்பெயர் மட்டுமே. அப்பெயரைக் காட்டிலும் முன்னோருக்கு வழங்கப்பட்ட பதிவெண்ணே நம்பத்தக்க தொடக்கம் என்பதையும், அவ்வெண்ணுக்குப் பின் தேடலைத் தாங்குவது தமிழறிவே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குடும்பப்பெயரின் குறைபாடு

தமிழ் மரபில் தந்தையின் பெயரே ஒருவரை அடையாளப்படுத்தியது. தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் பொதுவழக்காக இருக்கவில்லை. நேட்டாலின் நிர்வாகமோ குடும்பப்பெயரை எதிர்பார்த்தது. அதனால் சில குடும்பங்கள் தந்தையின் பெயரையும், சில பாட்டனின் பெயரையும், சில சாதிப் பட்டத்தையும் குடும்பப்பெயராகக் கொண்டன. கவுண்டர் 'கோவெண்டர்' எனவும், முதலி 'மூட்லி' எனவும் ஆங்கில எழுத்துவழி திரிந்து நிலைபெற்றன. இதன் விளைவுகள் இரண்டு. உடன்பிறந்தார் இருவரின் வழியினர் வெவ்வேறு குடும்பப்பெயர் தாங்கலாம். எவ்வுறவும் இல்லாதோர் ஒரே பெயரைத் தாங்கவும் கூடும். ஆகவே குடும்பப்பெயரை மட்டும் கொண்டு பட்டியலில் ஒருவரைத் தேர்ந்து, அவரே முன்னோர் எனத் துணிவது பிழைக்கு இடமளிக்கும்.

பதிவெண்ணும் பட்டியலும்

நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கப்பற் பட்டியலில் அவ்வெண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடற்குறி ஆகியன குறிக்கப்பட்டன. பெண்களுக்கும் உடன்வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. இதனால் தந்தைவழியைப் போன்றே தாய்வழியையும் தேட இயலும். இவ்வாய்ப்பு உரிய கவனம் பெறாமலே உள்ளது.

இவ்வெண் பட்டியலோடு நின்றுவிடவில்லை. தொழிலாளர் எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்ற குறிப்பிலும், இந்தியக் குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகத்தின் திருமணப் பதிவிலும், நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அது இடம்பெற்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் சுதந்திரமாகத் தங்க விரும்புவோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பவுன் ஆண்டு வரியை விதித்தது. அதனைச் செலுத்த இயலாத பலர் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மனிதரை எண்ணாகக் குறுக்கிய அந்நிர்வாகமே அவர்தம் தடத்தை ஆவணம்தோறும் விட்டுச் சென்றுள்ளது. எனவே தேடுவோர் பிற்காலச் சான்றிதழ்களிலிருந்து பின்னோக்கிச் சென்று முதலில் எண்ணைக் கண்டறிதல் வேண்டும். அதன் பின்னரே கப்பற் பட்டியலை அணுகுதல் தகும்.

ஊர்ப்பெயரைப் படித்தல்

பட்டியலில் உள்ள ஊர்ப்பெயர், பேச்சுத்தமிழில் சொல்லப்பட்டதை எழுத்தர் ஒருவர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதியதாகும். அவ்வெழுத்தில் தகர டகர வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும், குறில் நெடில் வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. கந்தனும் கண்டனும் ஒரே எழுத்துக்கோவையாகத் தோன்றலாம். பெயர் சரியாகப் படிக்கப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ளன. மாவட்டம், வட்டம், ஊர் ஆகிய மூன்றும் பொருந்திய பின்னரே இடத்தை உறுதி செய்ய இயலும்.

மாவட்ட எல்லைகளின் மாற்றமும் கருதத்தக்கது. வட ஆர்க்காட்டின் சில பகுதிகளைக் கொண்டு 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. ஆகவே பட்டியலில் வட ஆர்க்காடு எனக் குறிக்கப்பட்ட ஊர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கக்கூடும். சென்னையில் கப்பலேறியோருள் தெலுங்கு பேசியோரும் கணிசமாக இருந்தனர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும்.

சான்றுகளின் எல்லை

பட்டியலின் எல்லாக் குறிப்புகளும் ஒரே மதிப்புடையன அல்ல. அகவை பெரும்பாலும் மதிப்பீடே. சாதி குறித்த பதிவு, எழுத்தரின் பொதுப்படையான வழக்கையோ தொழிலாளர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதையோ காட்டலாம். தம் செலவில் பயணச்சீட்டுப் பெற்றுச் சென்றோர் இப்பட்டியல்களில் இடம்பெறார். அவர்களுள் குஜராத்தி வணிகர் மிகுதி எனினும் தமிழரும் இருந்தனர். ஆகவே பட்டியலில் பெயர் இல்லாமை முன்னோர் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. தமிழகத்திலோ, நிலமற்ற குடும்பமாயின் நிலவரிப் பதிவேடுகளில் பெயர் இருக்க வாய்ப்பில்லை. அந்நிலையில் குலதெய்வ வழிபாடும் வாய்மொழி மரபும் துணைச்சான்றுகளாகின்றன. ஆயினும் அவை எண்வழிச் சான்றோடு ஒத்துப்போகும்போதே வலிமை பெறும்.

முடிவுரை

குடிவழித் தேடலில் தவறான ஊரைக் காட்டுவது சிறு பிழையன்று. நூறாண்டுக்கு மேல் ஊர் அறியாதிருந்த குடும்பத்தை அது தொடர்பற்ற ஓர் ஊரில் கொண்டுபோய் நிறுத்தும். எனவே எண்ணால் உறுதிப்பட்டவை, ஊரும் தந்தை பெயரும் பொருந்துவதால் ஏற்கத்தக்கவை, பெயரொற்றுமை மட்டும் உடையவை என முடிவுகளை மூவகையாகப் பிரித்துக் கூறுதல் நன்று. கப்பற் பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா போன்ற வரலாற்றாசிரியர்கள் தொழிலாளரின் சமூகப் பின்புலத்தை ஆராய்ந்துள்ளனர். அப்பட்டியல்களில் திரிந்து கிடக்கும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் தமிழ் வடிவில் மீட்டெடுத்து அகராதியாகத் தொகுக்கும் பணி, ஊர்ப்பெயராய்விலும் பேச்சுவழக்காய்விலும் பயிற்சியுள்ள தமிழாய்வாளர்க்கே உரியதாகும்.