ஆப்பிளின் தோலும் அதன் பாலிபீனால்களும்

பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்று ஆஸ்டின் டவுன். நோயாளியைக் காணச் செல்வோர் ஆப்பிள் வாங்கிச் செல்லுதல் அங்கும் வழக்கமே. வீட்டார் பழத்தைத் தோல் சீவித் துண்டுகளாக்கித் தட்டில் வைப்பர். சிறிது நேரத்தில் துண்டுகள் பழுப்பேறும். தோலோ குப்பைக்குச் செல்லும். பழுப்பேறுவதற்குக் காரணமான பாலிபீனால்கள் என்னும் பொருள்களே அத்தோலில் மிகுதியாக இருப்பவை என்பதைப் பலர் அறியார்.

பழத்தின் உயிரணுக்களில் பாலிபீனால்களும், அவற்றை மாற்றவல்ல ஒரு நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்புகள் சிதைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு சேர, குளோரோஜெனிக் அமிலம் முதலியன குவினோன்களாக மாறுகின்றன. இவை ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறம் எய்துகின்றன. எலுமிச்சைச் சாறு தெளித்தால் இம்மாற்றம் தாமதமாகும். சாற்றின் புளிப்பு நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி குவினோன்களைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது.

எளிதில் ஆக்சிகரணம் அடையும் இவ்வியல்பே பாலிபீனால்களுக்குப் புகழ் தேடித் தந்தது. பிற பொருள்களுக்கு முன்னர்த் தாமே அம்மாற்றத்தை ஏற்பதால் இவை ஆக்சிகரண எதிர்ப்பிகள் எனப்படுகின்றன.

எல்லா வகை ஆப்பிளிலும் இவை ஒரே அளவில் இல்லை. குவெர்சிட்டின் சேர்மங்கள் ஏறக்குறைய முழுவதும் தோலிலேயே உள்ளன. ரெட் டெலிஷியசுக்குச் செந்நிறம் அளிக்கும் ஆந்தோசயனினும் தோலுக்குரியதே. எனினும் நிறத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது; குளோரோஜெனிக் அமிலத்திற்கு நிறமில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் நான்கு வகைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, ஐடாரெட், ரோம் பியூட்டி ஆகியவற்றின் தோலே முன்னிற்கிறது. காலிக் அமிலத்தின் அளவாகக் கணக்கிட்டால், 100 கிராம் ரோம் பியூட்டித் தோலில் சுமார் 500 மில்லிகிராம் பாலிபீனால் உண்டு. இந்த ரோம் பியூட்டி பெங்களூருக்குப் புதியதன்று; இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரத்துத் தோட்டங்களிலேயே பயிரான வகை அது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தோலுடன் கூடிய 100 கிராம் ஆப்பிளின் ஆக்சிகரண எதிர்ப்பாற்றல் 1,500 மில்லிகிராம் வைட்டமின் சிக்கு நிகர் என 2000இல் அதே பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். அது சோதனைக் குழாயில் கண்ட அளவு. உடலில் நிகழ்வது வேறு. ஆப்பிள் உண்டபின் குருதியில் இவ்வாற்றல் உயர்வதற்குப் பழத்திலுள்ள பிரக்டோஸ் சர்க்கரையால் யூரிக் அமிலம் மிகுவதே காரணம் என 2004இல் ஓர் ஆய்வு காட்டிற்று. உணவுப் பொருள்களின் இவ்வாற்றலைத் தொகுத்திருந்த அட்டவணையை அமெரிக்க விவசாயத் துறையே 2012இல் விலக்கிக்கொண்டது.

ஆகவே, விலை மிகுந்தது என்பதற்காக ஆப்பிளை மருந்தாக மதிக்க வேண்டுவதில்லை. வைட்டமின் சி நாடுவோர்க்குத் தள்ளுவண்டிக் கொய்யாவே பன்மடங்கு மேல். ஆப்பிள் வாங்கியவர் அதை ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவித் தோலுடனேயே உண்ணலாம். மெல்ல இயலாத நோயாளிக்குச் சீவித் தருவதாயின், உண்ணும் வேளையில் சீவினால் போதும். தோலை வீட்டுப் பிள்ளைகள் தின்னட்டும்.