முலாம்பழ வளர்ப்பு (வீட்டுத்தோட்டம்)

முலாம்பழம் (தாவரவியல் பெயர்: குக்குமிஸ் மெலோ) என்பது வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த, தரையில் படரும் ஒருபருவக் கொடியாகும். இது கிர்ணிப்பழம் எனவும் அழைக்கப்படுகிறது. கோடையில் தெருக்களில் விற்கப்படும் வெள்ளரிப்பழமும் இதே இனத்தின் ஒரு வகையே. இனிப்புக் குறைவு என்பதால் அது நாட்டுச் சர்க்கரையுடன் உண்ணப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரம் போன்ற வெப்பச் சமவெளி ஊர்களில், பெரிய, இனிப்பான முலாம்பழங்களை வீட்டுத்தோட்டத்தில் வளர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இனிப்பு உருவாகும் முறை

வாழைக்காயில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். பறித்த பின்னர் அது சர்க்கரையாக மாறும். முலாங்காயில் அத்தகைய மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. அதன் சர்க்கரை முழுவதும் இலைகளில் உருவாகிக் கொடியின் வழியே வந்து சேர்வதாகும். இதில் பெரும்பகுதி பழுப்பதற்கு முந்தைய கடைசி சில வாரங்களிலேயே சேர்கிறது. எனவே முன்கூட்டியே பறித்த காய் பின்னர் மென்மையும் மணமும் பெறலாம்; ஆனால் மேலும் இனிக்காது. தொலைதூரச் சந்தைக்கு அனுப்பப்படும் காய் சற்று முன்னதாகவே பறிக்கப்படுவதுண்டு. வீட்டுத்தோட்டத்தில் கொடியிலேயே முழுமையாகப் பழுக்கவிட இயலும். பின்வரும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டவை.

இனங்கள்

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆர்க்கா ராஜஹான்ஸ் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பழங்களைத் தரும். அதே நிறுவனத்தின் ஆர்க்கா ஜீத் சிறிய பழமாயினும் மிகுந்த இனிப்புடையது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஹரா மது பச்சைநிறச் சதை கொண்டது. பருமனும் இனிப்பும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை என்பதை இவ்வினங்கள் காட்டுகின்றன.

மண்ணும் பருவமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் மண்ணும் செம்மண்ணும் காணப்படுகின்றன. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியன இங்கு முக்கியப் பயிர்கள். கரிசல் மண் நீரை நெடுநேரம் தேக்கும், காய்ந்தால் வெடிக்கும். இவ்விரண்டும் முலாம்பழ வேருக்கு ஏற்றவையல்ல. ஆகவே மணலும் மட்கிய தொழு உரமும் கலந்த மேட்டுப்பாத்தி அமைத்தல் வேண்டும். வைக்கோல் மூடாக்கு மண் வெடிப்பதைக் குறைக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை, மாசி மாதங்களில் விதைப்பது பொருத்தமானது. பழுக்கும் காலம் வறண்ட வெயில் காலமாக அமைவதே இதன் பயன். வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்துள்ளது.

விதைப்பும் படரவிடுதலும்

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளியில் குழிகள் எடுத்து, குழிக்கு நான்கைந்து விதைகளை ஊன்றி, முளைத்த பின் வலுவான இரு செடிகளை மட்டும் விடலாம். காய்க்கும் பூக்கள் பெரும்பாலும் பக்கக்கிளைகளில் தோன்றுவதால், முதன்மைக் கொடியின் நுனியைக் கிள்ளிவிடுவது வழக்கம்.

மகரந்தச் சேர்க்கை

பெரும்பாலான இனங்களில் முதலில் ஆண் பூக்களும், சில நாட்கள் கழித்து இருபால் பூக்களும் மலரும். முதற் பூக்கள் காய்க்காமல் உதிர்வது குறையன்று. பூவின் கீழே சிறு காய் போன்ற பருமன் இருப்பின் அது காய்க்கும் பூவாகும். தேனீக்கள் குறைவாயின், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைக் காய்க்கும் பூவின் சூலகமுடியில் தடவலாம்.

காய்களைக் குறைத்தல், நீர் பாய்ச்சுதல்

ஒரு கொடியின் இலைகள் உருவாக்கும் சர்க்கரை அளவுக்கு உட்பட்டதே. பெரிய பழம் வேண்டுமெனில் கொடிக்கு இரண்டு அல்லது மூன்று காய்களை மட்டும் விட்டு, ஏனையவற்றை இளம் பிஞ்சிலேயே நீக்க வேண்டும். இலைகளை நீக்குதல் கூடாது.

காய் பருக்கும் வரை சீராக நீர் பாய்ச்ச வேண்டும். பழுக்கும் தறுவாயில் நீரைக் குறைக்க வேண்டும். மிகுந்தால் சுவை நீர்த்துப் பழமும் வெடிக்கும். அதேவேளை இலைகள் வாடுமளவு நிறுத்திவிட்டால் சர்க்கரை உருவாவதே தடைப்படும்.

பூச்சிகளும் நோய்களும்

பழ ஈ இளங்காயைத் துளைத்து முட்டையிடும். காகித உறையோ துணியோ கொண்டு காய்களை மூடலாம்; தாக்குண்ட காய்களை ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். சாம்பல் நோய் இலைகளைத் தாக்குவதால் இனிப்பும் குறைகிறது. இக்குடும்பச் செடிகளைக் கந்தகத் தூள் கருக்கிவிடக்கூடும் என்பதால் அதனைத் தவிர்ப்பது நலம்.

அறுவடை

மேற்றோலில் வலைப்பின்னல் உடைய இனங்களில், பழுத்தவுடன் காம்பு பழத்தோடு சேருமிடத்தில் வட்டமாக விரிசல் தோன்றும்; மணம் வீசும்; இலேசாக அழுத்தினாலே பழம் கொடியிலிருந்து கழன்றுவிடும். வலுவாக இழுக்க வேண்டியிருப்பின் பழம் இன்னும் முதிரவில்லை என்பது பொருள். வழவழப்பான தோலுடைய சில இனங்கள் இவ்வாறு கழல்வதில்லை. நிறமாற்றத்தைக் கொண்டே அவற்றை அறிய வேண்டும்.

விதை சேமித்தல்

வெள்ளரிக்காய்க் கொடிக்கு அருகில் வளர்த்தால் முலாம்பழம் சுவை குன்றும் என்னும் நம்பிக்கை உண்டு. வெள்ளரிக்காய் வேறு இனமாதலால் இரண்டும் கலப்பதில்லை. வெள்ளரிப்பழம் முலாம்பழத்துடன் கலக்கும். எனினும் அவ்வாண்டுப் பழத்தின் சுவை அதனால் மாறாது. அப்பழத்தின் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையே மாறுபடும். எனவே விதைக்கு விடும் பூவை மலருமுன் மூடி, அதே இனத்தின் மகரந்தத்தைக் கையால் சேர்ப்பது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

வெள்ளரி
தர்ப்பூசணி
வாலிகண்டபுரம்