பெட்டியின் பெயரும் உள்ளிருக்கும் சில்லும்

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை வாங்க வருபவர், அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் நிறைவடைவதில்லை. துணியை விரலிடையே தேய்த்து, நூலின் தரத்தை அறிந்த பின்னரே பணத்தை எடுப்பார். அதே மனிதர் கல்முனைக் கடைத்தெருவிலே கணினிக்குரிய கம்பியில்லா வலையமைப்பு அட்டை ஒன்றை வாங்கும்போது, பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பிவிடுகின்றார். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பை ஏற்கவியலாத பழைய மடிக்கணினிகள் ஏராளம். புதியது வாங்க வசதியற்ற வீடுகளிலே, பிள்ளையின் படிப்புக்காக அவற்றில் லினக்ஸை நிறுவுவது தக்க வழியே. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அதற்கு விலையில்லை. மூலநிரலும் எவருக்கும் மறைக்கப்படுவதில்லை. ஆயினும் நிறுவிய பின் இணையம் கிட்டாதெனின், பிள்ளைக்கு அதனாற் பயன் யாது?

லினக்ஸ் அறிய வேண்டியது அட்டையின் பெயரையன்று, உள்ளிருக்கும் சில்லையே. அச்சில்லுக்குரிய இயக்கி நிரல் லினக்ஸில் இருத்தல் வேண்டும். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் சிறு யூஎஸ்பி அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. லினக்ஸ் அதனை இனிது ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சில்லு புகுந்தது. பெயர் அதுவே, தோற்றமும் ஏறத்தாழ அதுவே. முதற் பதிப்பின் புகழைக் கேட்டு வாங்கியோர் பலர் ஆண்டுக்கணக்கில் அல்லற்பட்டனர். பதிப்பு எண்ணோ, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய சிற்றெழுத்தில் இருக்கும்!

மடிக்கணினியினுள்ளே பொருத்தப்பட்டுவரும் இன்டெல் அட்டைகள் பெரும்பாலும் இடர் தருவதில்லை. ஆனால் அவற்றுக்கு நிறுவனம் வழங்கும் நிலைபொருட் கோப்பும் தேவை. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு, கொள்கை காரணமாக, அக்கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியிற் சேர்க்காதிருந்தது. கோப்பை இறக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கோ அக்கோப்பு வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த கயிற்றைக் கொண்டே நீர் இறைக்கச் சொன்னது போன்ற நிலை அது. 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பிலேதான் இது தீர்ந்தது. அவசரத்துக்குக் கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை எளிது. லினக்ஸ் பதிந்த யூஎஸ்பி நினைவகத்துடன் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று, வன்தட்டைத் தொடாமல் அந்நினைவகத்திலிருந்தே கணினியை இயக்கி, அட்டையைச் செருக வேண்டும். எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளை அட்டையின் அடையாள எண்ணைக் காட்டும். அதைக்கொண்டு சில்லை அறியலாம். அயலிலுள்ள வலையமைப்புகளின் பெயர்கள் திரையில் தோன்றி, இணைப்பும் கிடைத்தாற் பணத்தைக் கொடுக்கலாம். பெட்டியைப் பிரிக்க மறுக்கும் கடைக்காரரிடம், ஒத்துவராவிடின் திருப்பி எடுப்பாரா என்றேனும் கேட்டு, அதனைப் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்கிக்கொள்வது நன்று.