திண்ணைக்கு வருமா சட்டம்?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். திண்ணையில் மிஞ்சுவது பாட்டியும் அவள் கைத்தடியும்தான். "மகன் பணம் அனுப்புகிறானா?" என்று கேட்டால், "அவனுக்கு என்ன கஷ்டமோ, ராசா!" என்பாள். தாய் மனசு மகன்மேல் மனுப் போடுமா?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துக்கு இந்த மனசு தெரியும் போலிருக்கிறது! சொந்த வருவாயில் வாழ முடியாத பெற்றோருக்கு உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் எல்லாம் உரிமை என்கிறது அது. விசாரிக்கும் பொறுப்பு கோட்டாட்சியருடையது. மனு வந்தால், நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் மாதப் படியை முடிவு செய்யவேண்டும். மனுவே வராவிட்டாலும், தாமாகவே அவர் விசாரணையைத் தொடங்கலாம்.

சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நாற்காலியில் இருப்பவர் மனுவுக்காகக் காத்திருந்தால், அது அலமாரியில் தூங்கும். கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு, "உங்கள் ஊரில் கவனிப்பாரில்லாத முதியவர்கள் யார் யார்?" என்று அவர் கேட்டுவிட்டால், திண்ணைக்கே நடந்து வரும்.

அவர் கேட்கட்டும் என்று நாம் ஏன் காத்திருக்கவேண்டும்? அடுத்த வீட்டுப் பாட்டியைப் பற்றி நீங்களே ஒரு வரி எழுதிப் போடலாமே!