பழுப்பைப் பிடிப்பது

வானவில்லில் பழுப்பு கிடையாது. மங்கலான ஆரஞ்சைத்தான் நம் கண் பழுப்பாகக் காண்கிறது. எனவே தோலுக்குப் பழுப்பு ஏற்றுகிறவர் மஞ்சளும் சிவப்பும் கூட்டி ஆரஞ்சை உண்டாக்கி, அதன் பளிச்சென்ற தன்மையை நீலம் கொண்டு அடக்க வேண்டும். ஆனால் யாரும் ஊற்றாத நிறம் ஒன்று இந்தக் கலவையில் முதலிலேயே இருக்கிறது. அது தோலின் சொந்த நிறம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் குரோமிய உப்பால் பதனிட்ட தோல் வெளிர்நீலமாக வரும்; அதை 'வெட் புளூ' என்பார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலோ ஏற்கெனவே வைக்கோல் நிறம். தோலுக்கு ஏற்றும் அமிலச் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. குரோமியத் தோலின் நார் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது; பட்டைத்தோலில் சாயம் பற்றவேண்டிய இடங்களைப் பட்டையின் துவர்ப்பொருளே நிரப்பியிருக்கிறது. அதனால் ஒரே கலவை ஒன்றில் அடர்ந்தும் மற்றதில் வெளிறியும் நிற்கும்.

சாயல் தவறினால் எதிர்நிறத்தைச் சேர்த்துத் திருத்த வேண்டும். பழுப்பு சிவந்துவிட்டால் துளி பச்சை. பச்சையோடினால் துளி சிவப்பு. ஆரஞ்சு தூக்கினால் நீலம். கருமை கூட்ட எல்லோர் கையும் கறுப்பைத்தான் தேடுகிறது. மஞ்சள் மிகுந்த கலவையில் கறுப்பைச் சேர்த்தால் பாசிப்பச்சை தட்டும். என்னைக் கேட்டால், கறுப்பைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சாயமேற்றும் சுழல் டிரம்முக்குள் நடக்கிறது. எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் தோலில் இறங்குவதில்லை. சிவப்பு மேலேயே பற்றிக்கொண்டு நீலம் உள்ளே போய்விட்டால், கலவைக் கணக்கு சரியாக இருந்தும் தோல் சிவந்தே தெரியும். பின்னாளில் செருப்பு உரசிய இடத்தில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் கைதேர்ந்தவர்கள் நிறத்தோடு இறங்கும் வேகமும் ஒத்துப்போகிற சாயங்களையே சேர்ப்பார்கள். முதலில் அமிலத்தன்மையைக் குறைத்துச் சாயத்தை உள்ளே விட்டு, முடிவில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி நிலைநிறுத்துவார்கள்.

1994இல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. பென்சிடின் வழிவந்த பழைய பழுப்பு, கறுப்புச் சாயங்கள் பலவும் அதில் அடங்கின. ஏற்றுமதித் தோலுக்கு வேறு சாயங்களைக் கொண்டு பழுப்பைப் புதிதாகக் கலக்க வேண்டியதாயிற்று. மெனக்கெட்டுச் செய்ய வேண்டிய மாற்றம்தான் அது. டிரம் அருகே நிற்பவரின் உடம்பையும் சேர்த்துக் காப்பது.

கலவை எதுவானாலும், ஈரத்தோல் எப்போதும் நிறத்தை அடர்த்தியாகக் காட்டும், காய்ந்தால் வெளுக்கும், எண்ணெயோ மெழுகோ பூசினால் மறுபடி கருக்கும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துண்டுகள் வெயிலில் வேறாகத் தெரிவதும் உண்டு. வீட்டில் பெல்ட்டுக்கோ பைக்கோ சாயம் கலப்பவர்கள், அதே தோலின் வெட்டுத்துண்டில் பூசி, காயவைத்து, மெழுகும் தேய்த்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஊற்றிய அளவுகளை அந்தத் துண்டின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.