கொடுங்கரையை எழுதத் தெரிந்த கருவி

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் ஆனைகட்டி. கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடையைத் தாண்டிவிட்டால் கேரளத்தின் அட்டப்பாடி. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கடைப் பலகை தமிழில், அந்தப் பக்கம் மலையாளத்தில். இரு பக்கமும் வாழும் இருளர்கள் வீட்டில் பேசுவது இருள மொழி. அதற்குத் தனி எழுத்து கிடையாது. இங்கே தமிழ் எழுத்திலும் அங்கே மலையாள எழுத்திலும் எழுதிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தேவாலயமோ தொண்டு நிறுவனமோ கண் சிகிச்சை முகாம் நடத்தினால், துண்டறிக்கையும் இரண்டு எழுத்தில் வேண்டும், வந்தவர்களின் பெயர்ப் பதிவேடும் இரண்டு எழுத்தில் இருக்கும்.

இந்த வேலைகளுக்கு இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. துண்டறிக்கை வடிவமைக்க, 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கேன்வா இருக்கிறது; தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குத் தன் சேவையைக் கட்டணமில்லாமல் தருகிறது. ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்ட ஓப்பன்எல்பி இருக்கிறது. உறுப்பினர் பட்டியலுக்கும் நன்கொடைக் கணக்குக்கும் சிவிசிஆர்எம். வீடு வீடாகக் கணக்கெடுக்க கோபோ டூல்பாக்ஸ். மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் செல்பேசியில் பதிந்துவைத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: விலையும் அழகும் பிறகு. முதலில் எழுத்தைச் சோதியுங்கள்.

சோதனைக்கு 'கொடுங்கரை' என்ற சொல்லே போதும். கணினி 'கொ' என்பதைக் 'க' என்ற ஓர் எண்ணாகவும் ஒகரக் குறி என்ற இன்னோர் எண்ணாகவும் அடுத்தடுத்துச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் 'க'வின் இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். 'டு' என்றால் 'ட'வும் உகரக் குறியும் ஒரே வடிவமாக இணைய வேண்டும். 'ரை'யில் பின்னால் சேமித்த குறி முன்னால் வந்து நிற்க வேண்டும். பிரிப்பது, இணைப்பது, இடம் மாற்றுவது என்று மூன்று வேலைகளும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு மென்பொருள்கள் நொடிக்குள் இதைச் செய்கின்றன. அப்படிப்பட்ட மென்பொருள் இல்லாத கருவியில் கொம்பும் காலும் 'க'வுக்கு வலப்பக்கம் சிதறி விழும். புத்தகம் பக்கம் கட்டும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸுக்கே இந்தத் திறமை 2017-இல்தான் வந்தது.

துண்டறிக்கையில் எழுத்து உடைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். பதிவேட்டில் நேரும் கேடு கண்ணில் படாது. எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பொதுத் தரமான ஒருங்குறியின் (யூனிகோட்) முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அச்சகங்களிலும் திருச்சபை அலுவலகங்களிலும் புழங்கியது பாமினி போன்ற எழுத்துருக்கள்தான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். தமிழ் என்பது மேலே போர்த்திய உருவம் மட்டுமே. அந்தக் கோப்பை அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றிவிட்டு 'செல்வி' என்று தேடினால் ஒரு செல்வியும் கிடைக்கமாட்டார். ஞானஸ்நானப் பதிவும் தடுப்பூசி விவரமும் இப்படித்தான் இருந்தும் இல்லாமல் போகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஒரு குடும்பம் சான்று கேட்டு மலையிறங்கி வரும்போது, உள்ளே இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப நேரும்.

ஒருங்குறிக்கு மாறிய பிறகும் கவனம் வேண்டும். கமலா முதலிலா, கனகா முதலிலா? தமிழ் நெடுங்கணக்கில் மகரம் முந்தியது, னகரம் கடைசி. ஒருங்குறி எண் வரிசையிலோ 'ன' என்பது 'ந'வை ஒட்டியே வந்துவிடுகிறது. தமிழ் அகரவரிசை விதியை அறியாத மென்பொருள் கனகாவை முன்னால் தூக்கி வைக்கும். மலையாளப் பக்கத்துச் சிக்கல் வேறு. ராஜன் என்ற பெயரின் இறுதி எழுத்தை மலையாளத்தில் சில்லு என்பார்கள். 2008-இல் வந்த ஒருங்குறி 5.1-இல்தான் சில்லெழுத்துகளுக்குத் தனி எண் கிடைத்தது. அதற்கு முன் உள்ளிட்ட ராஜனும் பின்னால் உள்ளிட்ட ராஜனும் பார்க்க ஒன்றுபோல இருப்பார்கள். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்.

எழுத்துக்கேற்பக் கருவியைத் திருத்திக்கொள்வது நம் நாட்டுத் திருச்சபைகளுக்குப் புதிதல்ல. 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சானது இன்றைய கேரளத்தின் கொல்லத்தில். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவின் குழுவினர் பக்கத்துப் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

இன்றைய உழைப்பிலும் இதற்கு இணையானது இருக்கிறது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு, தன் மலையாள எழுத்துருவான மீராவுக்குத் துணையாக மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் உருவாக்கி இலவசமாக வழங்குகிறது. ஆனைகட்டியில் இருமொழித் துண்டறிக்கை செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோடி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய பாமினிக் கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம். இருளப் பெயர்களை மட்டும் மாற்றியின் பொறுப்பில் விடக்கூடாது. இருள மொழியை ஆராய்ந்த கமில் சுவெலபில், தமிழ் எழுத்தில் தனிக் குறியில்லாத நடு உயிரொலிகளை அதில் பதிவு செய்திருக்கிறார். அதனால் ஒரே பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். பட்டியலை அச்சடித்து ஊருக்கு எடுத்துப் போய், வாய்விட்டுப் படித்து, பெயருக்கு உரியவர் சொல்கிறபடி திருத்த வேண்டும். தமிழ் வடிவம், மலையாள வடிவம் இரண்டுக்கும் பதிவேட்டில் தனித்தனிக் கட்டம் வைத்து, ஒரே அடையாள எண்ணில் கோத்துவிட்டால், பள்ளத்தின் எந்தப் பக்கத்திலிருந்து தேடினாலும் அந்த ஆள் கிடைப்பார்.